சாயங்காலக் கட்சிக்காரர்

வழக்கறிஞர் தொழிலில் இரண்டே பாவங்கள்தான் உண்டு என்பார் கே. வி. தண்டபாணி. விளம்பரம் செய்வது ஒன்று. யாரும் கூப்பிடாமலே போய், கேஸ் இருக்கிறதா என்று கேட்பது மற்றொன்று. மிச்சமெல்லாம் தொழில் நுணுக்கம்.

நொய்யல்புரம் நீதிமன்றச் சாலையில் அவருடைய பெயர்ப் பலகை, விதி அனுமதிக்கும் அளவைவிடச் சிறியது. அதை அவரே வருகிறவர்களிடம் சுட்டிக்காட்டுவார். அவ்வளவு சிறிய பலகைக்கு அவ்வளவு பெரிய விளக்கு வேறு எந்த வக்கீலிடமும் இல்லை.

ஆறுதல் சட்ட விழிப்புணர்வு அறக்கட்டளைக்கு அவர் மாதாமாதம் நன்கொடை கொடுத்துவந்தார். பதிலுக்கு அறக்கட்டளை அவருடைய கைபேசிக்கு அவ்வப்போது சில தகவல்களை அனுப்பும். கொடுப்பது நன்கொடை, வருவது தகவல், நடுவில் இருப்பது அறக்கட்டளை. இதில் விளம்பரம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆள் கிடையாது. ஊரிலிருந்த மற்ற வக்கீல்களும் நன்கொடையாளர்கள்தான். ஆனால் யாரும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாதல்லவா.

தகவல் என்பது வேறொன்றுமில்லை. இன்று யாருக்கு விபத்து நடக்கப்போகிறது என்பது.

தகவல் வந்ததும் வக்கீல்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். தற்செயலாகத்தான். விபத்துக்கு முன்னால் போனால் அநாகரிகம், ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போனால் கேஸ் வேறொருவருக்கு என்பது அங்கே சொல்லப்படாத சட்டம். ஸ்ட்ரெச்சர் இறங்கும்போது கையில் வக்காலத்துப் படிவமும் முகத்தில் வருத்தமுமாக அருகில் நிற்க வேண்டும். தண்டபாணியின் கணக்கிலேயே தகவல் பெறும் அவருடைய ஜூனியர் ரேணுகாதேவிக்கும் இது பழகிவிட்டது. முழங்கால், தோள்பட்டை, காலர் எலும்பு என்று போய்க்கொண்டிருந்தது.

அன்று காலை வந்த தகவலில் எலும்பு எதுவும் இல்லை.

"கவியரசு. ஏசி மெக்கானிக். இருசக்கர வாகனம். இன்று மாலை, பைபாஸ் சாலை. எதிர் வாகனம் லாரி. காப்பீடு நடப்பில் உள்ளது. உயிரிழப்பு வாய்ப்பு மிக அதிகம். வாரிசுகள்: மனைவி, ஒரு பெண் குழந்தை."

கீழே அவனுடைய கைபேசி எண்ணும் பட்டறை விலாசமும் கூடவே ஒரு படமும் இருந்தன. ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. யாரோ சொன்ன ஜோக்குக்குப் பாதிச் சிரிப்பில் இருந்தான்.

"சார், இந்த ஆளு இன்னும் உயிரோட இருக்காரு" என்றாள் ரேணுகாதேவி.

"ஆமா அம்மிணி. அதனாலதான் இன்னும் நம்ம கட்சிக்காரர் ஆகலை."

"போன் பண்ணிச் சொல்லிடலாம் சார். இன்னைக்கு வண்டி எடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை."

தண்டபாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தொழில் தர்மம் பேசும்போது மட்டும் அவருக்குக் கண்ணாடி தேவைப்படாது.

"உன்னைய அவரு கூப்புட்டாரா?"

"இல்ல சார்."

"முன்னப் பின்னத் தெரியாத ஆளு. ஒரு சட்டப் பிரச்சனையும் இல்லாம இருக்கறவன். அவங்கிட்டப் போயி, நான் வக்கீலு, உனக்குச் சாயங்காலம் ஆக்சிடெண்ட் ஆகப்போவுதுன்னு சொல்றதா? அதைவிடக் கேவலமா கேஸ் புடிக்க முடியுமா அம்மிணி?"

"கேஸ் புடிக்கறதுக்கு இல்ல சார். காப்பாத்தறதுக்கு."

"கேஸ் புடிக்கறவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மனசைப் போட்டு ஒழப்பிக்காத. அவரு சம்சாரத்துக்கும் கொழந்தைக்கும் நல்ல தொகையா வாங்கிக் குடுப்போம். நம்மால ஆனது அதுதான்."

அவள் வெளியே வந்து அறக்கட்டளையின் உதவி எண்ணுக்குப் பேசினாள். "உங்கள் துயருக்கு முன்பே உங்களோடு, ஆறுதல், வணக்கம்" என்றது ஒரு இளம் குரல்.

"இந்தத் தகவல் தப்பாப் போக வாய்ப்பிருக்கா?"

"சான்ஸே இல்லீங்க மேடம். அவரு எத்தனை மணி நேரம் தூங்கறாரு, பிரேக்குக் கட்டை எப்ப மாத்துனாரு, எதுக்க வர்ற லாரிக்காரரு எந்த ஊருல இருந்து தூங்காம ஓட்டிட்டு வர்றாரு, எந்த வளைவுல குழி கெடக்குது, எல்லாத்தையும் சிஸ்டம் கோத்துப் பாத்துரும். இதுவரைக்கும் வக்கீலுங்க யாரும் குறை சொன்னதில்லீங்க."

"இவ்வளவு தெரிஞ்சா அவருக்கே சொல்லிடலாமே?"

"ஆரம்பத்துல அப்படித்தான் மேடம் நடத்துனாங்க. சம்பந்தப்பட்டவங்களுக்கே நேரா மெசேஜ் போகும். அவங்களும் ஜாக்கிரதையா இருந்துக்குவாங்க. மாசக் கடைசியில சந்தா கேட்டா, அதான் ஒண்ணுமே நடக்கலையே, எதுக்குக் கட்டோணும்னு கேப்பாங்க. நடக்காததுக்கு யாருங்க பணம் கட்டுவாங்க?"

"இப்ப?"

"இப்ப நடக்கறதுக்குக் கட்டறாங்க." அந்தக் குரல் சற்றுப் பெருமையோடு தொடர்ந்தது. "ஆனா அவரை நாங்க அப்படியே உட்டுறலை மேடம். காலையில இருந்து அவரு போனுக்கு விழிப்புணர்வு அனுப்பிட்டேதான் இருக்கோம். விபத்து இழப்பீடு உங்கள் உரிமைன்னு. நாளைக்கு வீட்டுல தேடும்போது நம்ம பேரு ஞாபகத்துல இருக்கோணுமில்லீங்களா?"

ரேணுகாதேவி கவியரசின் எண்ணை அழுத்தினாள்.

"யாருங்க?"

"நான் அட்வகேட் ரேணுகாதேவி பேசறனுங்க. இன்னைக்குச் சாயங்காலம் நீங்க பைபாஸ் பக்கம்..."

"காலையில இருந்து இதே ரோதனைங்க உங்களோட. போனைத் தொறந்தா கால் போனா எவ்வளவு, கை போனா எவ்வளவுன்னு கணக்குச் சொல்றீங்க. எனக்குக் கை கால் எல்லாம் அங்கங்கதான் இருக்குதுங்க. போச்சுன்னா நானே சொல்லி அனுப்பறேன்."

துண்டித்துவிட்டான். மறுபடி அழைத்தாள்; எடுக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினாள். அவளுடைய செய்திக்கு மேலேயும் கீழேயும் அதே மாதிரி ஐம்பது செய்திகள் அவன் கைபேசியில் குவிந்திருக்கும் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் விளம்பரத்தில் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தது. "உயிர்" என்று எழுதினால் காப்பீட்டு விளம்பரம். "குடும்பம்" என்று எழுதினால் வாரிசு வழக்கு விளம்பரம். "தயவுசெய்து" என்று எழுதினால் தவணைக்காரன்.

நேரிலேயே போனாள். போகிற அவசரத்தில் கருப்புக் கோட்டைக் கழற்ற மறந்ததுதான் தவறு.

பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவனுடைய பட்டறை. வாசலில் நின்ற வண்டியின் பின்னால் ஏசிக்கு ஏற்றும் வாயு சிலிண்டரை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பழக்கடைக்காரர் கோட்டைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"கவீ, வக்கீலே உன்னைத் தேடி வந்துட்டாங்கடா. பெரிய மனுசன் ஆயிட்டே."

"இவங்கதானா அது?" கயிற்றை இறுக்கியபடியே கேட்டான். "ஏனுங்க மேடம், போன்ல சொன்னது பத்தலீங்களா?"

"கேஸுக்கு வரலீங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பைபாஸ் போகாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"பைபாஸ் குளிர்பதனக் கிடங்குல மெசினு நின்னு போச்சுங்க. நான் போகலீன்னா உள்ள இருக்கற வாழைத்தார் பூராவும் கறுத்துப் போயிரும். வருசக் கான்ட்ராக்ட்டுங்க அது. நீங்க வேற ஆளைப் பாருங்க. அடிபடறதுக்குத் தோதா எத்தனையோ பேரு இருப்பாங்க."

பழக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பினான். வண்டியில் சாவி தொங்கியது. ரேணுகாதேவி அதை உருவி, சாலையோரச் சாக்கடையில் வீசினாள்.

அன்று மாலை பைபாஸ் வளைவில் லாரி மட்டும் வந்தது. குழியில் ஒருமுறை குலுங்கிவிட்டுத் தன் வழியே போய்விட்டது. நடக்காத விபத்தைப் பார்க்கக் கூட்டம் கூடுவதில்லை. வாழைத்தார்கள் மட்டும் தவறாமல் கறுத்தன. கவியரசுக்குக் கான்ட்ராக்ட் போயிற்று.

இரண்டொரு நாளில் வக்கீல் புருஷோத்தமன் தற்செயலாக அந்தப் பழக்கடைக்கு வாழைப்பழம் வாங்க வந்தார். அவருக்கும் ஒரு தகவல் வந்திருந்தது. "பெண் வழக்கறிஞர் மீது புகார். வாய்ப்பு மிக அதிகம்." அவர் யாரையும் கேஸ் கேட்கவில்லை. பழத்தை உரித்தபடி கவியரசைப் பார்த்து, "உங்களை மாதிரி நல்லவங்க சும்மா இருக்கறதாலதான் சார் தொழிலு கெட்டுப்போச்சு" என்று பெருமூச்சு மட்டும் விட்டார். புகார் எழுதப்பட்டது.

விசாரித்தது வழக்கறிஞர் நன்னடத்தைக் குழு. மூன்று பேர். தலைவர் தண்டபாணி.

"ரேணுகா எனக்கு மக மாதிரி" என்று தொடங்கினார் அவர். "அதனால கூடுதல் கண்டிப்போட நடந்துக்குவேன்." குழுவிலுள்ள எவருக்கும் எந்த அறக்கட்டளையோடும் தொடர்பில்லை என்று வாசித்துப் பதிவுசெய்தார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். புருஷோத்தமன் தாமாகவே எழுந்து தமக்கும் இல்லை என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

கவியரசு கடைசி நாற்காலியில் இருந்தான். கண்கள் சிவந்திருந்தன. போன கான்ட்ராக்ட்டை ஈடுகட்ட இரவும் பகலும் வேலை பார்க்கிறான் என்று புருஷோத்தமன் உருக்கமாக எடுத்துச் சொன்னார்.

"விபத்து நடக்கும்னு நீங்க சொன்னது உண்மையா?" என்று கேட்டார் தண்டபாணி. குழுவில் இருக்கும்போது அவர் அம்மிணி என்று சொல்வதில்லை.

"உண்மை சார்."

"நடந்துச்சா?"

"நான் தடுத்துட்டேன். அதனால நடக்கலை."

"நடக்கலை." அதை மட்டும் எழுதிக்கொண்டார். "அப்ப சொன்னது பொய்."

"நடந்திருந்தா?"

"நடந்திருந்தா உண்மை. உங்களைப் பாராட்டியிருப்போம்."

"அதுக்கு அவரு செத்திருக்கணும் சார்."

"சாட்சியம்னு ஒண்ணு வேணுமில்ல?" என்றார் இன்னொரு உறுப்பினர், பொறுமையாக.

"வக்காலத்து கேட்டீங்களா?" என்று தொடர்ந்தார் தண்டபாணி.

"கேக்கலை."

"கேக்காம எதுக்குப் போனீங்க? கேட்டிருந்தாலாவது ஒரு வக்கீல் ஆசையில தப்புப் பண்ணீட்டாங்கன்னு புரிஞ்சுக்கலாம். ஒண்ணுமே கேக்காம, கோட்டுப் போட்டுட்டு, நாலு பேரு பாக்கறாப்பல ஒரு உயிரைக் காப்பாத்தறதுன்னா, ஊரு பூராவும் உங்களைப் பத்தித்தான பேசும்? இதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா?"

ரேணுகாதேவி அந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினாள். ஓட்டையே இல்லாமல் அது ஒரு பானை மாதிரி முழுதாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அப்போது அவளுடைய கைபேசி அதிர்ந்தது.

தலைவருடையதும் அதிர்ந்தது. இரண்டு உறுப்பினர்களுடையதும் அதிர்ந்தன. புருஷோத்தமனுடையது சட்டைப்பைக்குள் தேனீ மாதிரி ரீங்கரித்தது. எந்த அறக்கட்டளையோடும் தொடர்பில்லாத நான்கு பேரும் மேசைக்கடியில் குனிந்து வாசித்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் தலைநிமிர்ந்து, கடைசி நாற்காலியை அன்போடு பார்த்தார்கள்.

"என்னங்க, எல்லாருமே என்னையே பாக்கறீங்க?" என்றான் கவியரசு.

"ஒண்ணுமில்லை தம்பி. உங்க வாக்குமூலம் முடிஞ்சுது. நீங்க கெளம்பலாம்" என்றார் தண்டபாணி. அவ்வளவு கனிவான குரலை அந்த அறை அதுவரை கேட்டதில்லை.

ரேணுகாதேவி திரையை இன்னொரு முறை பார்த்தாள். அதே பெயர். அதே பாதிச் சிரிப்பு. நீதிமன்றச் சாலை, ரயில்வே மேம்பாலம், இன்னும் சற்று நேரத்தில்.

"கவியரசு, இன்னைக்கு..."

"ரேணுகாதேவி." தண்டபாணி கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை வாயைத் தொறந்தா ரெண்டாவது குற்றம். அப்பறம் ஆயுசுக்கும் கோட்டுப் போட முடியாது."

"மேம்பாலத்துல போகாதீங்க. வண்டியே எடுக்காதீங்க. இவங்க எல்லாத்துக்கும் தெரியும். கேளுங்க இவங்களை."

கவியரசு நான்கு பேரையும் பார்த்தான். நால்வரும் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"மறுபடியுமா மேடம்?" அவன் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. "உங்க பேச்சைக் கேட்டு ஒரு தடவை வாழ்ந்தது போதுமுங்க." சட்டைக்குள்ளிருந்து சாவியை எடுத்துக் காட்டினான். அரைஞாண் கயிற்றைக் கழுத்தில் போட்டு அதில் கோத்திருந்தான். "இந்தத் தடவை வேண்டாமுங்க."

படியிறங்கிப் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள். கெஞ்சினாள். வண்டிக்கு முன்னால் நின்றாள். அவன் வண்டியைப் பின்னுக்கு உருட்டி வேறு பக்கம் திருப்பினான். அவள் அந்தப் பக்கம் போய் நின்றாள். காவலாளி வந்து அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். கவியரசு ஹெல்மெட்டை மாட்டினான்.

அந்த நேரத்தில் நன்னடத்தைக் குழு படியிறங்கி வந்தது. ஒருவர் பின்னால் ஒருவராக, டீ குடிக்கப் போகிறவர்களின் நிதானத்தோடு. ஆனால் புருஷோத்தமன் ஓரமாகக் குறுக்கு வழியில் விரைவதைப் பார்த்ததும் தலைவரின் நிதானம் சற்றுக் கலைந்தது. வேட்டி தடுக்க எட்டி நடந்து முதல் ஆளாக வந்து சேர்ந்தார்.

"தம்பி, ஒரு நிமிசம். வீட்டுல எல்லாம் சௌக்கியமா? சம்சாரம் பேரு என்ன?"

"வினோதினிங்க. ஏனுங்க?"

"நல்ல பேரு." கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டார். "அவங்க கையெழுத்துப் போடுவாங்களா, இல்லை கைநாட்டா?"

"டிகிரி படிச்சிருக்காளுங்க." கவியரசு தாளை எட்டிப் பார்த்தான். "என்ன பேப்பருங்க இது?"

"சும்மா ஒரு வக்காலத்து. நம்ம பேரு வீட்டுல இருக்கட்டும்னு. இதை உங்க பையில வெச்சுக்குங்க."

"வக்காலத்துன்னா நான்தானுங்க கையெழுத்துப் போடோணும்? என்ற சம்சாரம் எதுக்குங்க போடோணும்?"

தண்டபாணி வாயைத் திறந்தார். அதற்குள் மூச்சிரைக்க வந்துசேர்ந்த புருஷோத்தமன், "சார் குடுத்ததை வாங்காதீங்க தம்பி, வினோதினி மேடத்துக்கு நான் வேற பேப்பர் வெச்சிருக்கேன்" என்றார்.

கவியரசு ஹெல்மெட்டைக் கழற்றினான். நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கழுத்திலிருந்த கயிற்றோடு சாவியை அறுத்து ரேணுகாதேவியின் கையில் வைத்தான்.

"மேடம், பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ஸு எங்கீங்க நிக்கும்?"

குழு மறுபடி கூடியது. கவியரசு தன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். புகார்தாரருக்கு எதிர்தரப்பை ஆதரித்துப் பேச உரிமையில்லை என்றார்கள். மேம்பாலத்தில் அன்று எதுவும் நடக்கவில்லை. எனவே ரேணுகாதேவி சொன்னது இரண்டாவது முறையும் பொய் என்று நிரூபணமாயிற்று. தொழிலின் மாண்பைக் காக்கும் பொருட்டு அவளுடைய பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. தீர்ப்பின் தமிழ் நன்றாக இருந்தது.

கோட்டு போனதோடு தகவலும் நின்றது. இனி யார் சாகப்போகிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. ஆனால் வக்கீல்களுக்குத் தெரியும். வக்கீல்களை அவளுக்குத் தெரியும். எங்கே இரண்டு மூன்று கருப்புக் கோட்டுகள் காரணமில்லாமல் டீ குடிக்கின்றனவோ, அங்கே போய் நின்று, அவர்கள் யாரைப் பார்த்துக் கனிவாகச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பாள். அந்த ஆளிடம் போய் வண்டியை எடுக்க வேண்டாம் என்பாள். பலர் திட்டினார்கள். பைத்தியம் என்று ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலரை மறுநாள் அஞ்சலிச் சுவரொட்டியில் பார்த்திருக்கிறாள். சிலர் மட்டும், எதற்கு வம்பு என்று ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

மாடி மாடியாக ஏசி மாட்டுகிற கவியரசு மேலிருந்து பார்த்துத் துப்புச் சொல்வான். "மேடம், தாலுகா ஆபீஸ் எதுக்கால மூணு கோட்டு நிக்குதுங்க. சீக்கிரம் வாங்க."

இன்றும் அப்படித்தான் சொன்னான். ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தாள். டீக்கடையில் தண்டபாணி, புருஷோத்தமன், இன்னொருவர். வண்டியை நிறுத்திவிட்டு அவசரமாகச் சுற்றிலும் பார்த்தாள். பத்திர எழுத்தர் ஒருவர் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கல்லூரிப் பெண் ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் அவர்களைப் பார்க்கவில்லை.

கனிவான சிரிப்பு அவள் பக்கமே வந்தது. அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் சுவர்.

"வா அம்மிணி. உட்காரு" என்றார் தண்டபாணி. தானே கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்தார். "அம்மா உன்கூடத்தான இருக்காங்க? பாவம், உன் சம்பாத்தியம்தான் அவங்களுக்கு."

அவள் நின்றபடியே இருந்தாள்.

"எந்த ரோடு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ என்னோட கட்சிக்காரி இல்லியே அம்மிணி. கூப்பிடாத ஆளுகிட்டப் போயி நான் எப்படிப் பேசறது?"

"அப்ப நான் கூப்பிடறேன்." கையை நீட்டினாள். "நீங்கதான் என் வக்கீல். வக்காலத்தைக் குடுங்க, நானே கையெழுத்துப் போடறேன். கட்சிக்காரிக்குத் தெரியவேண்டியதை வக்கீல் மறைக்கக் கூடாது சார். அதுவும் விதிதான்."

புருஷோத்தமன் டம்ளரை வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவரின் மடியில் வக்காலத்து தயாராக இருந்தது. அதில் அவளுடைய தாயாரின் பெயர் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. அவர் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"உன் கேஸை நான் எடுக்கறதுக்கில்லை அம்மிணி."

கே. வி. தண்டபாணி தம் வாழ்நாளில் ஒரு வழக்கை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் முறை.

ரேணுகாதேவி பெஞ்சில் உட்கார்ந்தாள். வண்டியை எடுக்கவில்லை, சாலையைக் கடக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. எதிர் பெஞ்சில் அவர்களும் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு ரவுண்டு போடட்டுங்களா?"

"போடுங்க" என்றார் தண்டபாணி. "சாயங்காலம் வரைக்கும் இருப்போம்."